பழைய பிக்கப் வாகனங்களில் ஸ்டியரிங் உறுப்புகள் பழுதடைதலும் அதனைத் தடுக்கும் வழிகளும்

கமக்காரர் தமது கலப்பை, நீரிறைக்கும் யந்திரம், மருந்து தெளிகருவி முதலியவற்றைப் போகந் தொடங்குமுன் பார்த்துச் சீர்செய்து வைப்பது வழக்கம். ஆனால் விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டுசெல்லும் பிக்கப் வாகனத்தை, அது ஓடும்வரை ஓடட்டும் என்று விட்டுவிடுவோர் பலர். நீரிறைக்கும் யந்திரம் பழுதடைந்தால் ஒரு நாட் பாய்ச்சல் தவறும். வாகனத்தின் எஞ்சின் பழுதடைந்தால் வாகனம் வழியில் நிற்கும். ஸ்டியரிங் பழுதடைந்தாலோ வாகனம் நில்லாது. ஓடிக்கொண்டே வழி தவறும். உள்ளே இருப்போர், பின்தட்டில் மூடைகளின்மேல் அமர்ந்திருக்கும் வேலையாட்கள், எதிரே சைக்கிளில் வருவோர் ஆகிய எல்லோருக்கும் அதனால் உயிராபத்து நேரலாம்.

நம் நாட்டில் 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி இடைநிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்திலேயே மீண்டும் இடமளிக்கப்பட்டது. அவ்விடைக்காலத்தில் வாகனங்களின் விலை பெரிதும் ஏறியமையால், பழைய பிக்கப்புகளையே திருத்தித் திருத்திப் பாவிக்க வேண்டியதாயிற்று. இருபது முப்பது ஆண்டு ஓடிய வாகனம் எனினும் கிரமமாகப் பேணப்படின் இன்னும் நெடுங்காலம் உழைக்கும். அவ்வாறு பேணுதற்கு வேண்டிய அறிவைத் தருவதே இத்துண்டுப் பிரசுரத்தின் நோக்கமாகும்.

1. ஸ்டியரிங் தொழிற்படும் விதம்

பழுதைக் கண்டுபிடிக்க வேண்டுமாயின் முதலில் அமைப்பை அறிதல் வேண்டும். சாரதி ஸ்டியரிங் வளையத்தைத் திருப்பும்போது அதன் தண்டு, சேசிஸில் போல்ட்டுகளாற் பிணிக்கப்பட்டுள்ள ஸ்டியரிங் பெட்டியினுள் திரும்புகின்றது. அப்பெட்டிக்குள் திருகும் பற்சில்லும் உள. அவற்றின் வேலை, கையின் சிறு விசையைப் பெருக்கி, பெட்டியின் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு குறுகிய கைக்குக் கொடுப்பதாகும். இக்கையைக் கராஜில் 'பிட்மன் ஆம்' என்பர்.

முன்சில்லுகள் இரண்டும் தனித்தனியே மேலுங் கீழும் அசையும் வாகனங்களில், பிட்மன் ஆம் ஒரு குறுக்குக் கோலை இடமும் வலமுமாக இழுக்கின்றது. இந்த நடுக்கோலுக்கு 'றிலே ரொட்' என்று பெயர். அதன் மறுமுனையைத் தாங்குவது 'ஐட்லர் ஆம்' என்னும் துணைக்கை. நடுக்கோலிலிருந்து இருபுறமும் செல்லும் குறுங்கோல்கள் 'டை ரொட்' எனப்படும். அவை முன்சில்லுகளைத் தாங்கும் நக்கிள் என்னும் உறுப்பைத் தள்ளியும் இழுத்தும் சில்லைத் திருப்புகின்றன.

முன்புறத்திலும் முழு அச்சும் விற்றகடும் உடைய பழைய நாற்சில்லு இழுவை வாகனங்களில் நடுக்கோல் இல்லை. அங்கே ஒரு நீண்ட கோல் பெட்டியிலிருந்து ஒரு பக்கத்துச் சில்லுக்குச் செல்லும். மற்றொரு கோல் இரு சில்லுகளையும் ஒன்றோடொன்று இணைக்கும். எவ்வகையாயினும், கோல்கள் ஒன்றையொன்று சந்திக்கும் இடங்களில் பந்து மூட்டுகள் அமைந்துள்ளன. நம் தோள் மூட்டில் எலும்பின் உருண்டை குழியினுள் திரும்புவது போல, இங்கும் ஓர் உருக்குக் குண்டு கிண்ணத்தினுள் திரும்பும். கிறீஸ் உள்ளே நிற்கவும் சேறும் நீரும் உட்புகாதிருக்கவும் அதன்மேல் ஓர் இறப்பர் உறை இடப்பட்டுள்ளது.

ஒரு சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தாலும் சங்கிலி முழுவதும் பயனற்றுப்போம். ஸ்டியரிங் வளையத்துக்கும் சில்லுக்கும் இடையேயுள்ள இவ்வுறுப்புகளும் அத்தகையனவே. ஒன்று முறிந்தால் அல்லது கழன்றால் அதற்கு அப்பாலுள்ள சில்லு சாரதிக்குக் கட்டுப்படாது.

2. பழுது உண்டாகும் காரணங்கள்

(அ) தேய்வு: பந்து மூட்டின் இறப்பர் உறை கிழிந்தால் கிறீஸ் வெளியேறும், மணலும் சேற்றுநீரும் உட்புகும். மணல் கலந்த கிறீஸ் அரம் போல் வேலை செய்து குண்டையும் கிண்ணத்தையும் தேய்க்கும். வயற்பாதையிலும் வாய்க்காலைக் கடக்கும் தாழ்பாலங்களிலும் ஓடும் வாகனங்களில் இத்தேய்வு விரைவாக நிகழும். தேய்வு முற்றினால் குண்டு கிண்ணத்தை விட்டு வெளியே கழன்றுவிடும்.

(ஆ) துரு: கடற்கரையை அண்டிய இடங்களில் உப்புக் காற்றினாலும், பின்தட்டில் உரமேற்றிச் சிந்தியதைக் கழுவாது விடுவதனாலும் சேசிஸ் துருப்பிடிக்கும். ஸ்டியரிங் பெட்டி பிணிக்கப்பட்டுள்ள இடத்தில் சேசிஸ் துருப்பிடித்து வெடித்தால், பெட்டி நன்றாயிருந்தும் பயனில்லை. வளையத்தைத் திருப்பும்போது பெட்டியே அசையும்.

(இ) உலோகக் களைப்பு: வேலிக் கம்பியொன்றைக் கையால் ஒருமுறை வளைத்தால் அது முறியாது. அதே இடத்தில் முன்னும் பின்னுமாகப் பலமுறை வளைத்தால் முறிந்துவிடும். உருக்குக் கோலும் இவ்வாறே. ஒவ்வொரு முறையும் தாங்கக்கூடிய விசையேயாயினும், அது பல்லாயிரம் முறை மாறிமாறித் தாக்கும்போது மேற்பரப்பில் மயிரிழை போன்ற வெடிப்பொன்று தோன்றும். அது நாளடைவில் உள்நோக்கி வளரும். எஞ்சிய பகுதி பாரத்தைத் தாங்கமாட்டாத நாளிலே கோல் திடீரென முறியும். முறிந்த முகத்தைப் பார்த்தால், பழைய வெடிப்பு வளர்ந்த பகுதி மழமழப்பாகவும் கறுத்தும், இறுதியில் முறிந்த பகுதி கரடுமுரடாகவும் பளபளப்பாகவும் இருப்பதைக் காணலாம்.

(ஈ) நின்றபடி திருப்புதல்: ஓடும் சில்லைத் திருப்புவது எளிது. நிற்கும் சில்லைத் திருப்பும்போது ரயர் நிலத்தோடு உரசுவதால் கோல்களில் ஏறும் விசை பன்மடங்காகும். பவர் ஸ்டியரிங் உள்ள வாகனத்தில் யந்திரமே அவ்விசையைக் கொடுப்பதால், சாரதி அதன் பெருமையை உணர்வதில்லை, கோல் உணரும்.

(உ) மோதல்: பாதைக் குழியிலோ, கல்லிலோ, மதகின் விளிம்பிலோ முன்சில்லு மோதினால் கோல் வளையலாம். வளைந்த கோல் முன்போல் வலிமையுடையதன்று.

(ஊ) பிழையான திருத்தம்: இதனைப் பின்னர் விரிவாகக் கூறுவோம்.

3. உலகறிந்த ஒரு நிகழ்ச்சி

உலோகக் களைப்பும் நின்றபடி திருப்புதலும் வெறும் ஏட்டுச் சங்கதிகள் அல்ல என்பதற்கு டொயோட்டா ஹைலக்ஸ் வாகனங்களின் வரலாறு சான்றாகும். 2004ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் ஜப்பானின் குமமோட்டோ மாகாணத்தில், ஹைலக்ஸ் இனத்தைச் சேர்ந்த வாகனமொன்று நடுக்கோல் முறிந்து கட்டுப்பாட்டை இழந்து எதிரே வந்த வாகனத்துடன் மோதியது, ஐவர் காயமுற்றனர். அவ்வாண்டு ஒக்ரோபர் மாதத்தில் அந்நிறுவனம், 1988 முதல் 1996 வரையான காலத்தில் உற்பத்தியான ஏறக்குறைய 3 இலட்சத்து 30 ஆயிரம் வாகனங்களை நடுக்கோலை மாற்றுவதற்காக ஜப்பானில் மீள அழைத்தது.

அமெரிக்க ஐக்கிய நாட்டில் இவ்வழைப்பு 2005ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதத்திலேயே விடுக்கப்பட்டது. அங்கே 1989 முதல் 1995 வரையான மாதிரியாண்டுப் பிக்கப்புகள் உட்பட ஏறக்குறைய 10 இலட்சம் வாகனங்கள் அதிலடங்கின. வாகனத்தை நிறுத்துமிடங்களில் மெதுவாக ஓட்டி வளையத்தை முற்றாக இருபுறமும் திருப்பும்போது உண்டாகும் விசையினால் நடுக்கோலில் சிறு வெடிப்புகள் தோன்றலாம் என்பதும், அந்நிலையிலேயே தொடர்ந்து ஓடினால் கோல் முறிந்து ஸ்டியரிங் அற்றுப்போகலாம் என்பதும் கூறப்பட்ட காரணமாகும். அந்நாட்டில் அழைப்பு விடுக்கத் தாமதித்தமை தொடர்பாக, 2010ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில் 1 கோடியே 60 இலட்சத்து 50 ஆயிரம் டொலரைத் தண்டப்பணமாகச் செலுத்த நிறுவனம் இணங்கியது.

இதிலிருந்து கமக்காரர் அறியத்தக்கன இரண்டு. முதலாவது, உறுதிக்குப் பெயர்பெற்ற வாகனத்திலும் ஸ்டியரிங் கோல் முறியலாம். இரண்டாவது, இக்காலத்து வாகனமொன்று உங்களிடம் இருப்பின், நடுக்கோல் பின்னர் மாற்றப்பட்டதா என்பதை விற்றவர் சொல்லைக் கொண்டு தீர்மானிக்காது, சேசிஸ் இலக்கத்தை எடுத்துச் சென்று அவ்வாகன முகவரிடம் உசாவுதல் நன்று.

4. அறிகுறிகள்

ஸ்டியரிங் உறுப்புகள் பெரும்பாலும் முன்னறிவித்தே பழுதடைகின்றன. அவ்வறிவிப்பை நாம் கேளாதிருப்பதே கேட்டுக்குக் காரணம். பின்வரும் அறிகுறிகளை அவதானிக்குக:

(1) வளையத்தைச் சிறிது திருப்பியும் சில்லு திரும்பாமை. அதாவது வெற்றாட்டம் மிகுதல்.
(2) நேர்ப்பாதையிலும் வாகனம் இடமும் வலமுமாக அலைதல். சாரதி ஓயாது திருத்திக்கொண்டிருக்க வேண்டியிருத்தல்.
(3) குழியில் இறங்கும்போதும் வளையத்தைத் திருப்பும்போதும் முன்னடியில் 'டக் டக்' என்னும் ஒலி கேட்டல்.
(4) குறித்தவொரு வேகத்தில் வளையம் கையில் நடுங்குதல். இதற்குச் சில்லின் சமநிலை கெட்டிருப்பதும் காரணமாகலாம். எனினும் மூட்டுகளையும் பார்த்தல் வேண்டும்.
(5) முன் ரயர்கள் ஒரு விளிம்பில் மாத்திரம் தேய்தல், அல்லது கையால் தடவும்போது ஒரு திசையில் வாள்பல் போல் உறுத்துதல்.
(6) நேராக ஓடும்போது வளையத்தின் குறுக்குச் சட்டம் முன்பு நின்ற நிலையில் நில்லாது சரிந்து நிற்றல். இது நேற்று இல்லாது இன்று தோன்றினால் ஏதோவொரு கோல் வளைந்தோ நழுவியோ இருக்கின்றது என்பது பொருள்.
(7) திருப்பிய வளையம் தானாக மீளாது இறுகி நிற்றல்.
(8) பவர் ஸ்டியரிங் எண்ணெய் நிலத்தில் ஒழுகியிருத்தல்.

பவர் ஸ்டியரிங்கின் வார் அறுந்தால் வளையம் மிகப் பாரமாகும். ஆயினும் வாகனம் திரும்பும். மூட்டுக் கழன்றாலோ வளையம் இலேசாகும், வாகனம் திரும்பாது. இவ்வேறுபாட்டைச் சாரதி நினைவிற் கொள்க.

5. வீட்டிலேயே செய்யக்கூடிய பரிசோதனைகள்

முதலாம் பரிசோதனை: வாகனத்தைச் சமதரையில், முன்சில்லுகள் நேராக நிற்க நிறுத்துக. பவர் ஸ்டியரிங் ஆயின் எஞ்சினை இயக்குக. வளையத்தின் விளிம்பில் சோக்கட்டியால் ஒரு குறியிட்டு, அதற்கெதிரே ஓர் அளவுகோலைப் பிடிக்கச் செய்க. விரல்களால் மெல்ல இடமும் வலமுமாக அசைத்து, முன்சில்லு அசையத் தொடங்குமுன் குறி எவ்வளவு தூரம் செல்கின்றதென அளக்குக. ஹைலக்ஸ் முதலிய பிக்கப்புகளுக்கு 30 மில்லிமீற்றர் மேலெல்லையாகும். உங்கள் வாகனத்தின் கைநூலில் வேறு அளவு கூறப்பட்டிருப்பின் அதனையே கொள்க. அளவை ஒரு கொப்பியில் திகதியுடன் எழுதி வைத்தல் வேண்டும். சென்ற மாதம் 15 ஆக இருந்தது இம்மாதம் 25 ஆயிற்றெனின், எல்லையைக் கடக்குமுன்பே காரணத்தைத் தேடலாம்.

இரண்டாம் பரிசோதனை: எஞ்சினை நிறுத்தி, கை பிரேக்கை இழுத்து, பின்சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்குக. ஒருவர் வளையத்தைச் சிறிது தூரம் இடமும் வலமுமாக அசைத்துக்கொண்டிருக்க, மற்றவர் முன்புறத்திற் குனிந்து ஒவ்வொரு மூட்டாகப் பார்த்தல் வேண்டும். ஒரு கோல் அசைந்ததும் அதனோடு இணைந்த மறு கோலும் அக்கணமே அசைதல் முறை. முதலாவது அசைந்து சிறிது நேரம் கழித்தே இரண்டாவது அசையின் இடையேயுள்ள மூட்டுத் தேய்ந்தது. மூட்டின்மேல் விரலை வைத்தால் அவ்வாட்டத்தைக் கண்ணிலும் நன்றாக விரல் உணரும். ஸ்டியரிங் பெட்டி சேசிஸோடு அசைகின்றதா என்பதையும், ஐட்லர் ஆம் மேலுங் கீழுமாக ஆடுகின்றதா என்பதையும் மறவாது பார்க்க. ஐட்லர் ஆமின் உள்ளுறை தேய்ந்திருக்க, டை ரொட் மூட்டுகளை மாத்திரம் மாற்றிவிட்டுக் குறை தீரவில்லை என்று மனஞ் சலிப்போர் உளர்.

மூன்றாம் பரிசோதனை: முன்சில்லொன்றை ஜக்கினால் நிலத்தினின்றும் உயர்த்துக. ஈரநிலத்திலும் மணலிலும் ஜக் புதையுமாதலால் அதன்கீழ்த் தடித்த பலகை இடுக. உயர்த்தியபின் சேசிஸின் கீழ் உறுதியான தாங்கியொன்றை வைக்குக. ஜக்கை மாத்திரம் நம்பி வாகனத்தின்கீழ் எவரும் உடலை நுழைத்தலாகாது. பின்பு சில்லைக் கடிகார முகமாக எண்ணி, 9 மணி, 3 மணி நிற்கும் இடங்களிற் பிடித்து முன்னும் பின்னும் அசைக்குக. ஆட்டம் காணின் டை ரொட் மூட்டு முதலியவற்றைச் சந்தேகிக்கலாம். அடுத்து 12 மணி, 6 மணி நிற்கும் இடங்களிற் பிடித்து அசைக்குக. இங்கும் ஆட்டம் காணின் ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி அசைக்க. ஆட்டம் மறைந்தால் குற்றம் சில்லின் பெயரிங்கில் உள்ளது. மறையாது நின்றால் நக்கிளைத் தாங்கும் பந்து மூட்டில் அல்லது கிங் பின்னில் உள்ளது.

நான்காம் பரிசோதனை, வெடிப்பைத் தேடுதல்: கோல்களில் ஒட்டிய சேற்றையும் பழைய கிறீஸையும் கம்பித் தூரிகையாலும் மண்ணெண்ணெயாலும் நன்கு நீக்குக. சிறிது நேரம் மண்ணெண்ணெயில் நனையவிட்டு, துணியால் முற்றாகத் துடைத்துக் காயவிட்டு, சோக்குத் தூளை மெல்லியதாகப் பூசுக. வெடிப்பு இருப்பின் அதனுள் நின்ற மண்ணெண்ணெய் கசிந்து வெண்மையின்மேல் ஒரு கறுத்த கோடாகத் தோன்றும். கோல் தடிப்பு மாறும் இடங்கள், வளைவுகள், மூட்டினருகேயுள்ள கழுத்துப் பகுதி ஆகியவற்றைக் கூர்ந்து பார்க்க. இம்முறையில் தோன்றாத நுண்ணிய வெடிப்புகளும் உள. ஆதலால் கோடு தோன்றினால் கோல் கெட்டது என்று துணியலாமேயன்றி, தோன்றாவிடில் கோல் நல்லது என்று துணிதல் கூடாது.

6. திருத்துதல்: செய்யத்தக்கனவும் செய்யத்தகாதனவும்

ஸ்டியரிங் கோலை ஒட்டுதலும், நெருப்பிற் காய்ச்சி நிமிர்த்துதலும் ஒருபோதும் செய்யத்தகாதன. இக்கோல்கள் உருக்கை அடித்து உருவாக்கி, அளவறிந்த வெப்பத்தினாற் பதப்படுத்தப்பட்டவை. ஒட்டும்போது உண்டாகும் சூடு அப்பதத்தைக் கெடுத்துவிடும். ஒட்டு உறுதியாகத் தோன்றினும் அதன் அருகேயுள்ள பகுதி வலிமை குன்றி, பின்னொரு நாள் அங்கேயே முறியும். மண்வெட்டியை ஒட்டிப் பாவிக்கலாம். அது முறிந்தால் வேலை நிற்கும், அவ்வளவே. ஸ்டியரிங் கோலுக்கு அந்நியாயம் பொருந்தாது.

பந்து மூட்டின் தண்டு கூம்பு வடிவினது. அது கூம்பு வடிவான துளையில் இறுகி நிற்பதனாலேயே ஆட்டமின்றி இருக்கும். துளை தேய்ந்து முட்டை வடிவாகியிருப்பின், தகடு சுற்றி இறுக்குதல் தகாது. துளையுள்ள உறுப்பையே மாற்றுக. தண்டின் நட்டில் வெட்டுகள் உள. அவற்றினூடாகவும் தண்டின் துளையினூடாகவும் பிளவு ஊசி செல்லும். கராஜில் இதனைக் கொட்டர் பின் என்பர். நட்டைக் கூறிய அளவுக்கு இறுக்கியபின் துளை நேர்ப்படாவிடின், மேலும் சிறிது இறுக்கி நேர்ப்படுத்துக. துளைக்காக நட்டைத் தளர்த்தலாகாது. கழற்றிய பழைய ஊசியை மீண்டும் பாவிப்பதும், அதற்குப் பதிலாக ஆணியோ கட்டுக்கம்பியோ செருகுவதும் பெருந்தவறு. அற்ப விலையுள்ள அவ்வூசியே நட்டுக் கழலாது காக்கின்றது. வேலை முடிந்தபின் நட்டுக்கும் கைக்குங் குறுக்காக வெள்ளைப் பெயின்றால் ஒரு கோடு இடுக. கோடு பிசகியிருப்பின் நட்டுத் திரும்பியது என்பதைப் பின்னர் ஒரு பார்வையில் அறியலாம்.

டை ரொட் முனையைக் கழற்றுமுன் வெளியே தெரியும் புரிகளை எண்ணி எழுதி வைத்து, புதியதையும் அதே அளவுக்கு ஏற்றுக. இஃது வாகனத்தைக் கராஜுக்குக் கொண்டுசெல்லும் மட்டும் போதுமானது. அதன்பின் முன்சில்லுகளின் நேர்நிலையை யந்திரத்தால் அளந்து சரிசெய்வித்தல் இன்றியமையாதது. இதற்குச் செலவிடாதவர் அதனிலும் கூடிய தொகையைப் புதிய ரயருக்குச் செலவிட நேரும்.

உதிரிப்பாகம் வாங்கும்போது, உடைத்து விற்கும் வாகனத்தினின்றும் எடுத்த பழைய நடுக்கோலையும் பழைய மூட்டையும் தவிர்த்தல் நன்று. அவை எத்தனை ஆண்டு, எவ்வளவு பாரத்தோடு உழைத்தன என்பதை வெளித்தோற்றம் கூறாது. பழைய வாகனம் வாங்குவோர் விலை பேசுமுன் மேற்கூறிய நான்கு பரிசோதனைகளையும் செய்விக்குக. முன்னடி புதிதாகக் கறுப்புப் பெயின்ற் பூசப்பட்டிருப்பின் ஒட்டு மறைக்கப்பட்டதோ என்று பார்க்க.

7. பாரமேற்றும் முறை

முன்சில்லு நிலத்தை அழுத்தி நின்றாலன்றி ஸ்டியரிங் நன்கு தொழிற்படாது. பின் அச்சுக்கு அப்பால் ஏற்றும் பாரம் துலாவைப் போல முன்புறத்தைத் தூக்கும். உதாரணமாக, முன் பின் அச்சுகளுக்கிடையே 2.8 மீற்றர் தூரமுள்ள வாகனத்தில், பின் அச்சுக்கு 0.7 மீற்றர் பின்னே 200 கிலோகிராம் வைத்தால், முன் அச்சின் பாரம் 50 கிலோகிராம் குறையும். பின் அச்சின் பாரம் 250 கிலோகிராம் கூடும். பின்கதவைத் திறந்து அதன்மேலும் மரக்கறிக் கூடைகளை அடுக்கும் வழக்கம் இதனாலேயே தீயது. நெல் மூடை, உரம், உருளைக்கிழங்கு ஆகிய பாரமான பொருட்களைச் சாரதியறையை ஒட்டி முன்னேயும், கீரை, கோவா, லீக்ஸ் போன்ற இலேசானவற்றைப் பின்னேயும் ஏற்றுக. ஒரு மூடை 50 கிலோகிராம் ஆயின் 20 மூடை 1,000 கிலோகிராம் ஆகும். இவ்வாறு கணக்கிட்டு, வாகனத்துக்கு விதிக்கப்பட்ட பாரத்தைக் கடவாது ஏற்றுதல் வேண்டும். ஒரு முறையில் ஏற்றுவதை இரு முறையில் ஏற்றுவதால் எரிபொருட் செலவு கூடும் என்பது மெய். ஆயினும் மிகைப்பாரம் விற்றகட்டையும் ரயரையும் மூட்டையும் ஒருங்கே அழித்து, அச்செலவைப் பின்னர் வட்டியோடு அறவிடும்.

சாரதி கைக்கொள்ளவேண்டிய பழக்கமும் ஒன்றுண்டு. நின்றபடியே வளையத்தை முற்றாகத் திருப்பாது, வாகனத்தைச் சிறிதேனும் நகரவிட்டுத் திருப்புக. குச்சொழுங்கையிலும் சந்தை முற்றத்திலும் இஃது எளிதே. வளையம் அதன் எல்லையை அடைந்தபின்பும் பலவந்தமாக அழுத்திப் பிடிக்கவேண்டாம்.

8. பராமரிப்புக் காலங்கள்

ஒவ்வொரு சந்தைப் பயணத்துக்கும் முன்: ரயர்க் காற்று, பவர் ஸ்டியரிங் எண்ணெய் மட்டம், நிலத்தில் ஒழுக்கு, வளையத்தின் வெற்றாட்டம் ஆகியவற்றைப் பார்க்க. இதற்கு 5 நிமிடம் போதும். இருளிற் புறப்படுவோர் முதல்நாள் மாலையிலேயே, பாரமேற்றுமுன், இதனைச் செய்க.

மாதமொருமுறை: வெற்றாட்டத்தை அளந்து எழுதுக. இறப்பர் உறைகள், பிளவு ஊசிகள், பெயின்ற் கோடுகள், பெட்டியின் போல்ட்டுகள் ஆகியவற்றைப் பார்க்க.

கிறீஸ் இடுதல்: நிப்பிள் உள்ள மூட்டுகளுக்கு 5,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை அல்லது கைநூல் கூறும் இடைவெளியில், எது முந்தியதோ அப்போது கிறீஸ் இடுக. நீரிலும் சேற்றிலும் மூழ்க ஓடிய பின்னர், காலம் பாராது மறுநாளே இடுதல் நன்று. நிப்பிள் இல்லாத மூட்டுக்கு உறையே காவல். உறை கிழிந்தால் மூட்டை மாற்றுக.

போகமொருமுறை: பெரும்போக, சிறுபோக அறுவடைகளுக்கு இரு வாரம் முன்னதாக நான்கு பரிசோதனைகளையும் முழுமையாகச் செய்க. பழுது காணின் உதிரிப்பாகத்தைத் தேடி எடுப்பிக்கவும், நல்ல மெக்கானிக்கிடம் முறை பெறவும் அவ்விரு வாரம் வேண்டியதாகும். அறுவடை நாளிற் கண்ட பழுதைத் திருத்த எவருக்கும் மனம் வராது.

9. வழியிற் பழுது நேர்ந்தால்

மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் வாகனம் ஒன்றரை விநாடியில் 25 மீற்றர் செல்லும். 40 கிலோமீற்றர் வேகத்தில் ஏறக்குறைய 17 மீற்றரே செல்லும். ஆதலால் சந்தேகமுள்ள வாகனத்தை வேகமாக ஓட்டாதிருப்பதே முதற் பாதுகாப்பு.

வளையம் திடீரென இலேசாகி வாகனம் திரும்பாவிடின், உடனே கால் அழுத்தியைத் தளர்த்துக. பிரேக்கை ஒரேயடியாக மிதிக்காது, சீராக அழுத்துக. திடீரென மிதித்தால் கட்டுப்பாடற்ற சில்லு வாகனத்தை ஒரு பக்கம் இழுத்துச் செல்லும். ஹோர்னை ஒலித்து, எச்சரிக்கை விளக்குகளை எரியவிடுக. வாகனம் முற்றாக நிற்குமுன் சாவியைக் கழற்றலாகாது. பல வாகனங்களில் அதனால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். நின்றபின் ஆட்களை இறக்கிப் பாதையோரத்தில் விலகி நிற்கச் செய்க. மூட்டுக் கழன்ற வாகனத்தைக் கயிறு கட்டி இழுத்தல் ஆகாது. முன்சில்லுகளைத் தூக்கியே கொண்டுசெல்ல வேண்டும்.

நுவரெலியா, வெலிமடை முதலிய மலைநாட்டுப் பகுதிகளில் வளைவும் இறக்கமும் மிகுந்த பாதைகளில் மரக்கறி கொண்டுசெல்வோர், சிறு சந்தேகம் உள்ள வாகனத்தையும் இறக்கத்தில் எடுத்துச் செல்லலாகாது.

10. முடிவாக

தக்காளியும் கறிமிளகாயும் பறித்து, கூடைகளில் நிரப்பி, விடியுமுன் சந்தையை அடையவேண்டிய வேளையில் ஸ்டியரிங்கில் ஆட்டம் காணப்பட்டால் என் செய்வது? பறித்த மரக்கறி காத்திராது. தவறிய சந்தையின் விலையும் மீளாது. இத்தருணத்தில், 'இன்று ஒரு நாள் மாத்திரம் போய் வருவோம்' என்ற எண்ணம் எழுதல் இயல்பே. மூட்டு ஆடுகின்றது என்று விரல் உணர்ந்தபின், கோலில் வெடிப்பைக் கண்டபின், பிளவு ஊசி இல்லாததை அறிந்தபின், அவ்வெண்ணத்துக்கு இடங்கொடுத்தல் ஆகாது. அயலவரின் வாகனத்தை வாடகைக்கு அமர்த்துக. அன்றேல் இருவர் மூவர் சேர்ந்து ஒரு லொறியில் ஏற்றுக. ஒரு நாட் சரக்கின் நட்டத்தை அடுத்த அறுவடையில் ஈடுசெய்யலாம்.

அயற் கமக்காரர் சிலர் ஒன்றுசேர்ந்து, கமக்காரர் அமைப்பின் கூட்ட நாளொன்றில் தத்தம் வாகனங்களைக் கொண்டுவந்து, ஒரு நல்ல மெக்கானிக்கை அழைத்து ஒருங்கே பரிசோதிப்பித்தல் மிக்க பயன் தரும். செலவு பகிரப்படும், ஒருவர் கண்ணுக்குத் தப்பியது மற்றவர் கண்ணிற் படும். பின்தட்டில் ஏறிச் செல்லும் வேலையாட்களும் பிள்ளைகளும் வாகனத்தைப் பரிசோதித்து ஏறுவதில்லை. உரிமையாளரை நம்பியே ஏறுகின்றனர். அந்நம்பிக்கைக்கு உரியவராய் நடத்தல் ஒவ்வொரு கமக்காரரின் கடமையாகும்.